அசைவின் நடுவே எதிர்வினை நேரம்: மறுநாளும் மாறாத எண் கிடைக்க என்ன செய்ய வேண்டும்

உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் எதிர்வினை நேரம் அளப்பதில் பெரிய சிக்கல் இல்லை. விளக்கு எரிகிறது, பொத்தானை அழுத்துகிறார், பெரும்பாலும் 200 முதல் 250 மில்லி விநாடிக்குள் ஓர் எண் வருகிறது. அதே ஆளை விரலால் சீராகத் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்லியோ, பெடல் மிதிக்கச் சொல்லியோ அளந்து பாருங்கள். இன்று 310 வரும், இரண்டு நாள் கழித்து 365 வரும். ஆளும் மாறவில்லை, கருவியும் மாறவில்லை. பலர் இந்த இடத்தில் கருவியைச் சந்தேகிக்கிறார்கள், அல்லது பங்கேற்பாளர் கவனமாக இல்லை என்று குறிப்பு எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சிக்னல் வந்த நொடியில் விரல் மேலே இருந்ததா, கீழே இறங்கிக்கொண்டிருந்ததா என்று பார்த்தால் பாதிப் புதிர் அங்கேயே அவிழும். அதைப் பதிவு செய்யாமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

பிசியோதெரபி, விளையாட்டு அறிவியல், உளவியல் போன்ற படிப்புகளில் முதல்முறையாக இப்படியோர் நம்பகத்தன்மை ஆய்வு (அதே ஆளை மறுபடி அளந்தால் அதே எண் வருகிறதா என்று பார்க்கும் ஆய்வு) தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறோம். வரிசை முக்கியம், முதல் படியில் எடுக்கும் முடிவு கடைசிக் கணக்கு வரை கூடவே வரும்.

1. எது அசைகிறது, எது பதில் சொல்கிறது?

இதை ஒரே வாக்கியத்தில் எழுதி வையுங்கள். "வலது ஆட்காட்டி விரல் விநாடிக்கு 2 முறை தட்டுகிறது, பச்சை விளக்கு எரிந்ததும் இடது கட்டைவிரல் தனிப் பொத்தானை அழுத்துகிறது." இவ்வளவு தெளிவு வேண்டும்.

அசையும் விரலே, அதே பொத்தானில், பதிலும் சொல்ல வேண்டும் என்று வைக்காதீர்கள். விநாடிக்கு 2 தட்டு என்றால் 500 மில்லி விநாடிக்கு ஒருமுறை விரல் எப்படியும் கீழே வரும். அடுத்த தட்டுக்கு 120 மில்லி விநாடி முன்பு சிக்னல் வந்தால், நிரல் அந்தச் சாதாரணத் தட்டையே பதிலாக எடுத்துக்கொண்டு 120 என்று எழுதிவிடும். 100-க்குக் கீழே உள்ளவற்றை நீக்கும் வழக்கமான வடிகட்டலில் இது சிக்காது. ஒரே விரலைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் பதிலுக்கு வேறு பொத்தான் வையுங்கள், பக்கவாட்டில் 5 செ.மீ. தள்ளி. "சிக்னல் வந்ததும் நிறுத்து" என்ற வேலையையும் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். நிறுத்தியதற்கு நேரம் குறிக்க ஒரு நிகழ்வே இருக்காது. அதற்கான கணக்கு முறை தனி.

மறு கையோ காலோ பதில் சொல்வது புதியவர்களுக்கு ஏற்றது. ஆனால் அந்தக் கை சுதந்திரமாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். இரண்டு கைகளும் தாளத்தில் ஒன்றையொன்று இழுக்கும். இடது கையின் பதில் வலது கையின் தட்டோடு சேர்ந்து விழப் பார்க்கும். 4-வது படி இந்த அமைப்புக்கும் பொருந்தும்.

குரலில் பதில் வாங்குவதென்றால் ஒரே சொல்லை எல்லோருக்கும் கொடுங்கள். "சரி" என்று சொன்னால் தொடக்கத்தில் வருவது மெல்லிய காற்றொலி. மைக்கின் வாசல் அளவைத் தாண்ட நேரமாகும். "டக்" என்ற சொல் வெடிப்போடு தொடங்கும், பிடிப்பது எளிது.

2. காகித வேலை

நெறிமுறைக் குழுவுக்குப் போக வேண்டியவை: ஆய்வுத் திட்டம், பங்கேற்பாளருக்கான தகவல் தாள், அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம், உடற்பயிற்சிக்குத் தகுதியா என்று கேட்கும் உடல்நலக் கேள்வித்தாள், தரவுப் படிவத்தின் மாதிரி, யாருக்காவது தலைசுற்றல் வந்தால் என்ன செய்வீர்கள் என்ற ஒரு பத்தி. பளிச்சிடும் விளக்கு இருந்தால் வலிப்பு நோய் உள்ளவர்களை எப்படி விலக்குவீர்கள் என்றும் எழுதுங்கள்.

குழு எப்போது கூடும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஒரு தேதியைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். காத்திருக்கும் காலத்தில் 3-வது படியை முடித்துவிடலாம், அதற்கு மனிதர்கள் தேவையில்லை.

அடிக்கடி நடக்கும் பிழை இது: ஒப்புதல் படிவத்தில் ஒரு வருகை மட்டும் குறிப்பிட்டிருப்பார்கள். நம்பகத்தன்மை ஆய்வுக்கு அதே ஆள் மறுபடி வர வேண்டும். எத்தனை வருகை, எத்தனை நாள் இடைவெளி, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்று மூன்றும் படிவத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் திருத்தம் கேட்டு மறுபடி குழுவுக்குப் போக நேரும். எந்த ட்ரையலை (ஒரு சிக்னலும் அதற்கான ஒரு பதிலும் சேர்ந்தது ஒரு ட்ரையல்) நீக்குவோம் என்ற விதியையும் (8-வது படி) திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். தரவைப் பார்த்த பிறகு எழுதும் விதிக்கு மதிப்பில்லை.

3. கருவி: எங்கே செலவழிக்கலாம், எங்கே வேண்டாம்

தாமதம் இரண்டு வகை. எப்போதும் 30 மில்லி விநாடி தாமதிக்கும் கருவி, எண்ணைக் கூட்டிக் காட்டும். ஆனால் திரும்ப அளக்கும்போதும் அதே 30-ஐத்தான் கூட்டும். ஒவ்வொரு முறையும் தாமதம் மாறினால்தான் நம்பகத்தன்மை அடிவாங்கும்.

எவ்வளவு அடிவாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லி விநாடி. சிக்னல் அதற்குள் எங்கு வேண்டுமானாலும் விழலாம் என்று வைத்தாலும் அதன் திட்டவிலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) சுமார் 5 தான். மனிதரின் எதிர்வினையோ ட்ரையலுக்கு ட்ரையல் சுமார் 40 மில்லி விநாடி விலக்கத்தோடு ஆடும் என்று கொள்வோம். 40-ன் வர்க்கத்தோடு 5-ன் வர்க்கத்தைக் கூட்டி மூலம் எடுத்தால் 40.3. அவ்வளவுதான் வேறுபாடு. யூஎஸ்பி விசைப்பலகை விநாடிக்கு 125 முறை வாசிக்கப்பட்டால் வரும் 8 மில்லி விநாடி ஊசலும் இதே கதைதான். விலை உயர்ந்த மானிட்டருக்குப் பணம் ஒதுக்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். அந்தப் பணம் அசைவின் சுழற்சியை (ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டு வரை) பதிவு செய்யும் சென்சாருக்குப் போனால் பல மடங்கு பயன் தரும்.

புளூடூத் விசைப்பலகை, புளூடூத் ஹெட்போன் இரண்டையும் தொடவே வேண்டாம். அவற்றின் தாமதம் பெரியது, மாறவும் செய்யும். முதல் வருகைக்கு ஒரு கணினி, இரண்டாவதற்கு வேறொன்று என்றும் மாற்றாதீர்கள். நிலையான தாமதம் அங்கேதான் போலி முன்னேற்றமாகவோ போலிச் சரிவாகவோ மாறும். ஒரே மானிட்டரிலும் திரையின் மேல்வரிசை முதலில் வரையப்படுகிறது, கீழ்வரிசை கடைசியில். சிக்னல் வரும் இடத்தை மாற்றவே கூடாது.

குறைந்த செலவில் நல்ல அமைப்பு: ஓர் ஆர்டுயினோ போர்டு (நிரல் ஏற்றி ஓட்டக்கூடிய சிறு மின்சுற்றுப் பலகை), நேரடியாக இணைத்த எல்இடி, மைக்ரோ சுவிட்ச். ஆர்டுயினோ ஊனோவில் மைக்ரோ விநாடிக் கடிகாரம் 4 மைக்ரோ விநாடிப் படிகளில் ஓடும், இந்த வேலைக்குத் தாராளம். இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, ட்ரையல் நடக்கும்போதே சீரியல் வழியாக எண்களை அச்சிடுவது. 9600 பாட் வேகத்தில் ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 1 மில்லி விநாடி ஆகும். இடைநினைவு நிரம்பினால் நிரல் அங்கேயே நின்றுவிடும். ட்ரையல் முடிந்த பிறகு அச்சிடுங்கள், வேகத்தையும் 115200-க்கு உயர்த்துங்கள். இரண்டு, சுவிட்ச் அதிர்வு. தொடர்பு நிலைத்த பிறகு நேரம் குறிக்கும் நிரல் ஒவ்வொரு எண்ணிலும் கூடுதல் தாமதம் சேர்க்கும். முதல் தொடர்பின் நேரத்தையே எடுத்துக்கொண்டு, அடுத்த 20 மில்லி விநாடிக்கு வரும் அதிர்வுகளைப் புறக்கணியுங்கள்.

கணினித் திரைதான் வேண்டுமென்றால் சிக்னல் வரும் இடத்தில் ஒளியை உணரும் ஃபோட்டோடயோடை ஒட்டி, அதன் வெளியீட்டால் ஓர் ஆப்டோகப்ளர் (ஒளி வழியாக இயங்கும் மின்சுவிட்ச்) மூலம் பொத்தானை மூடச் செய்யுங்கள். இப்போது மனிதருக்குப் பதில் மின்சுற்று "பதில்" சொல்கிறது. 200 முறை ஓடவிட்டு சராசரியையும் விலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாரமும் 20 முறை ஓட்டிச் சரிபார்த்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அறிக்கையில் கருவித் தாமதம் பற்றிக் கேட்டால் காட்ட வேண்டிய ஆவணம் அதுதான்.

4. சுழற்சியின் எந்தக் கட்டத்தில் சிக்னல் வந்தது?

மற்றப் படிகளில் சறுக்கினால் எண் கொஞ்சம் மங்கும். இங்கே சறுக்கினால் ஆய்வே போய்விடும்.

தாளத்தில் ஓடும் உடல், சிக்னல் வந்த கணமே பதிலை வெளியே விடுவதில்லை. பதில் தாளத்தில் தனக்கு வசதியான இடத்தில் வந்து விழும் போக்கு உண்டு. விரல் கீழிறங்கும் நேரத்துக்கு ஒட்டி வந்த சிக்னலுக்கு ஒரு நேரம், மேலே போகும்போது வந்ததற்கு வேறொரு நேரம். பதில் தாளத்தோடு முழுக்கப் பூட்டிக்கொண்டுவிட்டது என்று கடைசி எல்லைக்குப் போய்ப் பார்ப்போம். 500 மில்லி விநாடிச் சுழற்சியில் காத்திருப்பு 0 முதல் 500 வரை எங்கும் இருக்கலாம்; அதன் திட்டவிலக்கம் 144. மனிதரின் 40-ஐயும் சேர்த்தால் 150. 20 ட்ரையலின் சராசரியில் வரும் பிழை 33 மில்லி விநாடிக்கு மேல். அசைவில்லாத நிலையில் அதே 20 ட்ரையலுக்கு 9 தான். உண்மை இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். மானிட்டரின் 5 மில்லி விநாடி இதன் பக்கத்தில் நிற்கவே முடியாது.

பதிவு செய்ய எளிய சென்சார் போதும். விரல் தட்டுக்கு அழுத்த உணரி, பெடலுக்குக் காந்தமும் அதை உணரும் ஹால் சென்சாரும், நடைக்குக் குதிகாலடியில் சுவிட்ச். சுழற்சி நிகழ்வும் சிக்னலும் பதிலும் ஒரே கடிகாரத்தில் பதிவாக வேண்டும். இரண்டு கருவிகள் என்றால், தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டுக்கும் ஒரே மின்துடிப்பைக் கொடுங்கள். நீண்ட பதிவில் கடிகாரங்கள் விலகியிருந்தால் அதை வைத்துத் திருத்தலாம்.

கட்டத்தைக் கணக்கிடும் முறை: சிக்னல் நேரத்திலிருந்து அதற்கு முந்தைய தட்டின் நேரத்தைக் கழித்து, ஒரு சுழற்சியின் நீளத்தால் வகுத்து, 360-ஆல் பெருக்குங்கள். சுழற்சி நீளமாக அடுத்த தட்டு வரையிலான இடைவெளியை எடுக்க வேண்டாம். சிக்னல் வந்ததும் தாளமே கலைவதால் அந்தத் தட்டு தள்ளிப்போயிருக்கும். முந்தைய 5 சுழற்சிகளின் சராசரியைப் பயன்படுத்துங்கள்.

பிறகு 360 பாகையை நான்கு பங்காக்குங்கள். நிரலே தட்டுகளைக் கண்காணித்து, நான்கு கட்டங்களிலும் சம எண்ணிக்கையில், வரிசை தெரியாதபடி கலைத்து சிக்னல் கொடுப்பது சிறந்த வழி. நிரல் எழுதத் தெரியாவிட்டால் எந்தக் கட்டத்திலும் விழும்படி விட்டுவிட்டுப் பிறகு பிரிக்கலாம். அப்போது 80 ட்ரையலில் ஒரு கட்டத்துக்கு 14, இன்னொன்றுக்கு 27 என்று சமமில்லாமல் வரும். எல்லா ட்ரையலையும் கொட்டிச் சராசரி எடுத்தால் 27 உள்ள கட்டத்தின் நேரமே ஆதிக்கம் செலுத்தும், அடுத்த வருகையில் வேறொரு கட்டம் ஆதிக்கம் செலுத்தும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிச் சராசரி எடுத்து, அந்த நான்கின் சராசரியை அந்த ஆளின் எண்ணாகக் கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் சொன்ன 310, 365 எப்படி வந்திருக்கலாம் என்பதையும் இங்கே பார்த்துவிடலாம். மெட்ரோனோம் (சீரான தாளம் ஒலிக்கும் கருவி) விநாடிக்கு 2 அடி. சிக்னல் இடைவெளிகள் 2, 3, 4 விநாடி என்று முழு எண்கள். 500 மில்லி விநாடி இவை எல்லாவற்றையும் மீதியில்லாமல் வகுக்கும். ஆகவே ஒரு வருகையில் எல்லாச் சிக்னலும் ஒரே கட்டத்தில் விழுகிறது. அடுத்த வருகையில் நிரலைத் தொடங்கிய கணம் சற்றே மாறுகிறது. எல்லாச் சிக்னலும் வேறொரு கட்டத்தில் விழுகிறது. இரண்டு நாளும் எண்கள் உள்ளுக்குள் அழகாக ஒத்துப்போகும், ஒன்றுக்கொன்று மட்டும் ஒத்துப்போகாது. இடைவெளிகளை மில்லி விநாடித் துல்லியத்தில் கலையுங்கள்.

மெட்ரோனோமை முதல் 15 விநாடிக்கு மட்டும் ஒலிக்கவிட்டு நிறுத்திவிடுவது நல்லது. பங்கேற்பாளர் தாளத்தைத் தானே தொடரட்டும். அது தொடர்ந்து ஒலிக்க வேண்டுமானால் சிக்னல் ஒலியாக இருக்கக் கூடாது. வேகம் நழுவுகிறதா என்றும் பாருங்கள். இரண்டு வருகைகளின் சராசரிச் சுழற்சி நீளம் 5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அந்தத் தொகுதியை மறுபடி எடுப்பது எங்கள் பரிந்துரை.

5. சிக்னலை ஊகிக்க விடாதீர்கள்

இடைவெளியை 2 முதல் 5 விநாடிக்குள் சமமாகக் கலைத்தாலும் ஊகம் நுழையும். நான்கரை விநாடி கடந்துவிட்டால் இனி வந்தே தீரும் என்று உடல் தயாராகிவிடும், எண் குறையும். குறைந்தபட்சம் 2 விநாடி வைத்து, அதன்மேல் அடுக்குக்குறிப் பரவலில் (குறுகிய நேரங்கள் அடிக்கடியும் நீண்டவை அரிதாகவும் வரும் பரவல்) எடுத்த ஒரு நேரத்தைக் கூட்டினால் எந்தக் கணத்திலும் சிக்னல் வரும் வாய்ப்பு ஒரேயளவில் இருக்கும். 8 விநாடியில் வெட்டிவிடுங்கள். பத்தில் ஒரு ட்ரையலில் சிக்னலே வராமல் இருக்கட்டும். அங்கே அழுத்துபவர் ஊகிக்கிறார் என்று தெரியும். இரண்டு சிக்னல்களுக்கு நடுவே குறைந்தது 4 சுழற்சியாவது ஓட வேண்டும், கலைந்த தாளம் திரும்பச் சேர அவ்வளவு வேண்டும்.

ஒலிச் சிக்னலின் உரப்பை அளந்து ஒரே அளவில் வையுங்கள். உரத்த ஒலிக்குப் பதில் வேகமாக வரும். திடுக்கிட வைக்கும் ஒலி பதிலை இன்னும் முன்கூட்டியே கிளப்பிவிடும்.

6. நாள், நேரம், ஆள் கணக்கு

ஒரு வருகைக்கு 40 முதல் 45 நிமிடம் ஒதுக்குங்கள்: விளக்கம் 5 நிமிடம், அசைவுப் பழக்கம் 2 நிமிடம், கணக்கில் சேராத 20 பயிற்சி ட்ரையல், அசைவில்லாமல் 30, அசைவோடு 25 வீதம் 4 தொகுதிகள். தொகுதிகளுக்கு நடுவே 2 நிமிட ஓய்வு. ஓய்வைக் குறைத்து நேரம் மிச்சப்படுத்தினால் நான்காவது தொகுதியில் களைப்பைத்தான் அளப்பீர்கள்.

அடுத்த வருகை 2 முதல் 7 நாளுக்குள், அதே நேரத்தில். தூக்கம், காபி, தேநீர், மருந்து நான்கையும் படிவத்தில் கேட்டு எழுதுங்கள்.

எத்தனை பேர்? ஐசிசி (வருகைக்கு வருகை அளவீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் எண்; 1 என்றால் முழு ஒற்றுமை) 0.8 எதிர்பார்த்து, 0.6-க்கு மேல் என்று காட்ட வேண்டும். ஒருபக்கச் சோதனை 5 சதவீதம், திறன் (உண்மையில் அப்படி இருந்தால் ஆய்வு அதைக் காட்டிவிடும் வாய்ப்பு) 80 சதவீதம் என்றால், இரண்டு வருகைக்கு 39 பேர், மூன்று வருகைக்கு 26 பேர். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: 78 வருகை, இரண்டுமே! உழைப்பு சமம் என்பதால் மூன்று வருகைத் திட்டம் மேல். முதல் வருகைக்கும் இரண்டாவதற்கும் நடுவே வருவது பெரும்பாலும் பழக்கத்தால் வரும் முன்னேற்றம். அது நின்றுவிட்டதா என்று மூன்றாவது வருகைதான் காட்டும். நாளுக்கு 4 வருகை என்றால் 20 வேலைநாள். பாதியில் விடுபவர்களுக்காக 15 சதவீதம் கூடுதலாகச் சேருங்கள்.

7. தசை மின்பதிவு சேர்த்தால்

தோலில் ஒட்டும் மின்முனைகளால் தசையின் மின்செயல்பாட்டைப் பதிவு செய்வது இது. செலவில் பெரிய பங்கு இதற்குத்தான் போகும். மூளை முடிவெடுக்கும் நேரத்தையும் தசை இழுக்கும் நேரத்தையும் பிரித்துச் சொல்லத் தேவையில்லை என்றால் விட்டுவிடலாம்.

எடுப்பதானால் விநாடிக்கு 1000 மாதிரிக்குக் குறையாமல் எடுங்கள். மின்முனை மையங்களுக்கு இடையே 20 மி.மீ., தோலை மழித்து ஆல்கஹாலால் துடைத்து ஒட்டுங்கள், இடத்தைத் தோல் பேனாவால் குறித்துப் படமும் எடுங்கள். மறு வருகையில் ஒரு விரற்கடை தள்ளி ஒட்டினால் எண் மாறும். "ஓய்வு நிலைச் சராசரி கூட்டல் 3 திட்டவிலக்கம்" என்ற பாடப்புத்தக விதி இங்கே வேலை செய்யாது, தசை ஓய்வில் இல்லையே. சிக்னல் வராத 20 சுழற்சிகளைக் கட்டவாரியாக அடுக்கிச் சராசரி அலை வரையுங்கள். அந்தந்தக் கட்டத்தின் சராசரியை 3 விலக்கம் தாண்டி 25 மில்லி விநாடி நிலைக்கும் முதல் புள்ளியே தொடக்கம். முன்னும் பின்னும் ஓட்டும் வடிகட்டி தொடக்கத்தை முன்னே இழுக்கும், ஒருவழி வடிகட்டி பின்னே தள்ளும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா வருகைக்கும் அதையே வையுங்கள்.

8. நீக்குவதும் வைத்துக்கொள்வதும்

100-க்குக் கீழே ஊகம், 1000-க்கு மேலே கவனச்சிதறல் என்று நீக்குவது பொதுவாக ஏற்கப்படும். எத்தனை நீங்கின என்று ஆள்வாரியாக எழுதுங்கள். ஒருவரிடம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீங்கினால் அவர் அறிவுறுத்தலைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டங்களில் ட்ரையல் எண்ணிக்கை சமமில்லாதபோது இடைநிலை எண்ணை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) நம்ப வேண்டாம். எதிர்வினை நேரம் வலப்பக்கம் வால் நீண்ட பரவல் என்பதால், குறைந்த ட்ரையல் உள்ள கட்டத்தில் இடைநிலை எண் மேல்நோக்கிச் சாயும்.

9. கணக்கு

இரண்டு வருகைக்கு இடையே பியர்சன் தொடர்பு எண் மட்டும் கொடுத்து முடிக்காதீர்கள். எல்லோரும் மறுநாள் சரியாக 40 மில்லி விநாடி வேகமாகிவிட்டாலும் அது 1 என்றே காட்டும். இருவழி, சமவாய்ப்பு விளைவு, முழு உடன்பாடு, ஒற்றை அளவீடு என்ற வகை ஐசிசியை எடுங்கள், வகையையும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளியையும் சேர்த்தே எழுதுங்கள். 0.75-க்கு மேல் நல்லது, 0.9-க்கு மேல் மிக நல்லது என்பது பரவலாகப் பயன்படும் அளவுகோல். ஒரே மாதிரியான வீரர்களை மட்டும் சேர்த்தால் ஆட்களுக்கு இடையே வேறுபாடு குறைந்து ஐசிசியும் குறையும். அளவீடு கெட்டுவிட்டது என்று பொருளல்ல.

அதனால் மில்லி விநாடியிலும் ஓர் எண் கொடுக்க வேண்டும். ஆட்களுக்கிடையே திட்டவிலக்கம் 30, ஐசிசி 0.8 என்றால், 1-லிருந்து 0.8 கழித்து மூலம் எடுத்து 30-ஆல் பெருக்குங்கள்: 13.4. இது அளவீட்டின் திட்டப்பிழை. 2.77-ஆல் பெருக்கினால் 37. ஒருவர் 37 மில்லி விநாடிக்குக் குறைவாக மாறியிருந்தால் அதை மாற்றம் என்று சொல்ல முடியாது. சிகிச்சைக்குப் பிறகு 20 குறைந்தது என்று மகிழ்பவர்களுக்கு இந்த எண் அவசியம் தேவை.

கடைசியாக ஒரு பெரிய பொறி. அசைவோடு எடுத்த நேரத்திலிருந்து அசைவில்லாத நேரத்தைக் கழித்து, "அசைவின் சுமை" என்று அந்த வித்தியாசத்தை மட்டும் அறிக்கையிடுவார்கள். இரண்டு அளவீடுகளின் நம்பகத்தன்மையும் 0.85, இரண்டுக்கும் இடையே தொடர்பு 0.7, விலக்கங்கள் சமம் என்று வையுங்கள். வித்தியாசத்தின் நம்பகத்தன்மை 0.85 கழித்தல் 0.7, வகுத்தல் 0.3, அதாவது 0.5. நல்ல இரண்டு அளவீடுகளைக் கழித்தால் மோசமான ஒன்று கிடைக்கிறது. அறிக்கையில் அசைவில்லாத நிலையின் ஐசிசியை ஒரு வரியில், அசைவோடு உள்ளதை அடுத்த வரியில், வித்தியாசத்தினுடையதை மூன்றாவது வரியில் தனித்தனியாகக் கொடுங்கள்.